சன்னபட்டணத்து மர ரயில்

சின்னஞ்சிறு ரயில் ஒன்று. எஞ்சின் சிவப்பு நிறம். பின்னால் மஞ்சள் பெட்டி, பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி. முன்னால் ஒரு கயிறு. குழந்தை கயிற்றைப் பிடித்து இழுக்கிறது. ரயில் கடகடவென்று பின்னால் வருகிறது.

இதற்குத் தண்டவாளம் வேண்டாம். கரி வேண்டாம். மின்சாரமும் வேண்டாம். முழுவதும் மரத்தால் ஆனது. கடைகளில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். உங்கள் வீட்டுக் குழந்தை வைத்து விளையாடியும் இருக்கலாம்.

இந்த ரயிலை யார் செய்கிறார்கள்? எங்கே செய்கிறார்கள்? அவர்களின் பிழைப்பு எப்படி இருக்கிறது? வாருங்கள், தெரிந்து கொள்வோம்.

பொம்மைகளின் ஊர்

பெங்களூருவிலிருந்து மைசூருக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? வழியில் பிடதி வரும். அங்கே தட்டு இட்லி பிரபலம். இன்னும் தள்ளிப் போனால் மத்தூர் வரும். அங்கே வடை பிரபலம். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது சன்னபட்டணா. பெங்களூருவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம்.

சென்னைக்கும் சென்னப்பட்டணம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. அது வேறு ஊர். இது கர்நாடகத்து ஊர்.

கன்னடத்தில் இந்த ஊரை ‘கொம்பெகள ஊரு’ என்கிறார்கள். பொம்மைகளின் ஊர் என்று பொருள். இங்கே தெருவுக்குத் தெரு பொம்மைப் பட்டறைகள் உண்டு. வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும் வேலை நடக்கும். ஒரு வீட்டில் மரம் கடைவார்கள். இன்னொரு வீட்டில் சக்கரம் கோப்பார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி என்று குடும்பமே வேலை செய்வதும் உண்டு.

ஆகவே சன்னபட்டணத்து ரயிலைச் செய்வது ஒரு கம்பெனி அல்ல. ஓர் ஊரே சேர்ந்து செய்கிறது.

கடல் கடந்த ஒரு ரயில்

வெளிநாடுகளில் பொம்மை ரயில் செய்யப் பெரிய கம்பெனிகள் உண்டு. அவற்றில் பழமையான ஒன்று ஜெர்மனி நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் மெர்க்லின். அது 1859-ல் தொடங்கியது. மெர்க்லின் என்பவர் தகர வேலை செய்பவர். அவர் முதலில் ரயில் செய்யவில்லை. பெண் குழந்தைகள் விளையாடத் தகரத்தில் சின்னச் சின்ன அடுப்பும் பாத்திரமும் செய்தார். நம் ஊர்ச் சொப்புச் சாமான் போன்றவை அவை.

1866-ல் அவர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி கரோலின் தொழிலை விடவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சரக்கை விற்றார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி வியாபாரத்துக்குப் போவது அரிது. பிறகு பிள்ளைகள் தொழிலை ஏற்றார்கள். 1891-ல் லைப்சிக் நகரச் சந்தையில் ஒரு ரயிலைக் காட்டினார்கள். சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் தானே ஓடும் ரயில் அது. தண்டவாளங்களை அளவு வைத்துச் செய்தார்கள். அதனால் இந்த வருடம் எஞ்சின், அடுத்த வருடம் இன்னொரு பெட்டி என்று வாங்கிச் சேர்க்க முடிந்தது. வாங்கியவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கும் கஷ்ட காலம் வந்தது. 2009-ல் அது கடனில் மூழ்கித் திவாலானது. பிறகு 2013-ல் வேறு முதலாளிகள் வாங்கி நடத்தினார்கள்.

பெரிய கம்பெனிக்கே இப்படி என்றால், வீட்டுத் திண்ணையில் வேலை செய்பவர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? அதுதான் சன்னபட்டணத்தின் கதை.

பழைய கதை

திப்பு சுல்தான் 1782 முதல் 1799 வரை மைசூர் நாட்டை ஆண்டார். அவருடைய தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். பாரசீக நாட்டிலிருந்து வந்த அரக்கு வேலை செய்த மரப் பொருள்கள் அவருக்குப் பிடித்துப் போயின. பாரசீகம் என்பது இன்றைய ஈரான். அங்கிருந்து கைத்தொழில் தெரிந்தவர்களை வரவழைத்தார். உள்ளூர் ஆட்களுக்கு அவர்கள் தொழிலைக் கற்றுக் கொடுத்தார்கள். இப்படித்தான் தொழில் தொடங்கியது என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அடுத்துச் சொல்ல வேண்டிய பெயர் பாவாஸ் மியான். சன்னபட்டணத்துப் பொம்மைத் தொழிலின் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள். ஜப்பான் நாட்டில் அரக்குப் பொம்மை செய்யும் முறையை இவர் அறிந்தார். அதை நம் ஊர் வேலையோடு சேர்த்தார். மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

இதற்கிடையில் நாட்டில் உண்மையான ரயில் வந்துவிட்டது. 1853-ல் மும்பைக்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருவுக்கு ரயில் வந்தது. 1880-களின் தொடக்கத்தில் மைசூர் வரைக்கும் பாதை போட்டார்கள். அந்தப் பாதை சன்னபட்டணா வழியாகத்தான் போனது. இன்று ஊருக்குள் நிஜ ரயிலும் நிற்கிறது. மர ரயிலும் பிறக்கிறது.

மர ரயில் பிறக்கும் விதம்

மரம்: இந்தத் தொழிலுக்கு உகந்த மரத்தைக் கன்னடத்தில் ஹாலே மரம் என்பார்கள். ‘ஹாலு’ என்றால் பால். இலையைக் கிள்ளினால் பால் வடியும். தமிழில் இது வெட்பாலை. இதன் கட்டை தந்தம் போல வெள்ளையாக இருக்கும். மிருதுவாக இருக்கும். உளிக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். வெட்டிய கட்டையைச் சில மாதங்கள் உலர வைக்க வேண்டும். ஈரக் கட்டையில் செய்தால் பொம்மை பின்னால் வெடித்துவிடும்.

கடைசல்: உலர்ந்த கட்டையை லேத்தில் பொருத்துகிறார்கள். கட்டை வேகமாகச் சுற்றும். அதன் மேல் உளியைப் பிடித்தால் மரம் சீவிக்கொண்டு வரும். முற்காலத்தில் வில் போன்ற கருவியைக் கையால் இழுத்துக் கட்டையைச் சுற்ற வைத்தார்கள். இப்போது மின்சார மோட்டார் சுற்றுகிறது.

லேத்தில் கடைந்தால் எதுவும் உருண்டையாகத்தான் வரும். அதனால்தான் சன்னபட்டணத்துப் பொம்மைகள் பெரும்பாலும் உருண்டையாக இருக்கின்றன. ரயில் இதற்கு நன்றாகப் பொருந்தும். எஞ்சினின் கொதிகலன் உருளை. புகைபோக்கி உருளை. சக்கரம் வட்டம். அடியில் வைக்கும் பலகையை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள்.

அரக்கு: தபால் பார்சலுக்கு முத்திரை வைக்கும் அரக்கு தெரியும் அல்லவா? அது ஒரு சிறு பூச்சி தரும் பொருள். இலந்தை, புரசு போன்ற மரங்களின் கிளைகளில் அந்தப் பூச்சி கூட்டமாக ஒட்டி வாழும். அது சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் இது மிகுதியாகக் கிடைக்கிறது.

அரக்கை உருக்கி நிறம் சேர்த்துக் குச்சியாக்குகிறார்கள். மஞ்சள் நிறத்துக்கு நாம் சமையலில் போடும் மஞ்சள். நீல நிறத்துக்கு அவுரி. இப்படிச் செடிகளிலிருந்தே நிறம் எடுக்க முடியும்.

நிறம் பூசுவது: இங்கே தூரிகைக்கு வேலை இல்லை. லேத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உரசும்போது சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு ஒரு தாழை மடலை எடுத்து மேலே அழுத்துகிறார்கள். நிறம் சீராகப் பரவும். கண்ணாடி போலப் பளபளக்கும்.

கடைசியாகத் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். அச்சில் சக்கரம் மாட்டுகிறார்கள். பெட்டிகளைக் கோக்கிறார்கள். கயிறு கட்டுகிறார்கள். ரயில் புறப்படத் தயார்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தங்கைத் தொழில் உண்டு. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களும் கடைசலில் செய்து அரக்கு ஏற்றியவைதான்.

பிளாஸ்டிக் வந்தது

பிறகு பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தன. ஓர் அச்சில் ஊற்றினால் போதும். நிமிடத்துக்கு நிமிடம் பொம்மை விழும். விலையோ குறைவு. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கின. சாவி கொடுத்தால் ஓடும், பேட்டரி போட்டால் பாடும், விளக்கு எரியும்.

சன்னபட்டணத்தில் பட்டறைகள் அடங்கத் தொடங்கின. கையால் ஒரு ரயில் செய்ய எடுக்கும் நேரத்தில் இயந்திரம் எத்தனையோ பொம்மைகளைச் செய்துவிடும். விலையில் போட்டி போட முடியவில்லை. செலவைக் குறைக்கச் சிலர் கடையில் விற்கும் மலிவான ரசாயனச் சாயத்தை வாங்கினார்கள். அதனால் பொம்மையின் நல்ல பெயரும் கெட்டது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. பலருக்குக் கையில் முதல் இல்லை. மரம் வாங்கத் தரகரிடம் முன்பணம் வாங்குவார்கள். பொம்மையை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். கடையில் அது என்ன விலைக்கு விற்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

பிள்ளைகள் பார்த்தார்கள். ‘அப்பாவைப் போல நாள் முழுக்க மரத்தூளில் உட்கார வேண்டாம். பெங்களூருவுக்குப் போனால் கம்பெனி வேலை கிடைக்கும்’ என்று கிளம்பினார்கள். அதில் தவறு சொல்ல முடியுமா? வயிறு இருக்கிறதே!

மறுபடி எழுந்தது

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை.

கர்நாடக அரசு சன்னபட்டணத்தில் அரக்கு வேலைக்கென்று ஒரு தொழில் வளாகம் கட்டியது. அங்கே 32 லேத்துகள் வைத்தார்கள். சொந்த லேத்து இல்லாதவர்களும் அங்கே வேலை செய்ய வழி பிறந்தது. நெதர்லாந்து நாட்டு அரசின் பண உதவியும் கிடைத்தது. மாநிலக் கைவினைக் கழகத்தின் ‘காவேரி’ கடைகளில் பொம்மைகளை விற்றார்கள்.

பெண்களும் லேத்துக்கு வந்தார்கள். முன்பு பெண்கள் பெரும்பாலும் சாயம், பாலிஷ் போன்ற வேலைகளையே செய்தார்கள். பயிற்சி பெற்ற பிறகு உளி பிடித்தார்கள். தாங்களே கடைந்து, தாங்களே கூலி வாங்கினார்கள்.

செடிச் சாயத்துக்குப் பலர் திரும்பினார்கள். குழந்தை பொம்மையை வாயில் வைக்கும். அது குழந்தையின் இயல்பு. மலிவான சில சாயங்களில் ஈயம் இருக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மஞ்சளும் அவுரியும் போட்ட பொம்மைக்கு அந்தப் பயம் இல்லை. இதைத் தெரிந்து கொண்ட வெளிநாட்டார் தேடி வந்து வாங்கினார்கள். 2010-ல் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மனைவி மிஷெல் ஒபாமா தில்லிக்கு வந்தபோது சன்னபட்டணத்துப் பொம்மைகளை வாங்கினார். அந்தச் செய்தி எங்கும் பரவியது.

சட்டமும் துணைக்கு வந்தது. சன்னபட்டணத்துப் பொம்மைக்கு 2006 வாக்கில் ‘புவிசார் குறியீடு’ கிடைத்தது. ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குச் சட்டம் கொடுக்கும் பெயர்ப் பாதுகாப்பு இது. வேறு எங்கோ செய்த பொம்மையைச் ‘சன்னபட்டணத்துப் பொம்மை’ என்று சொல்லி விற்கக் கூடாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் இதே போன்ற பாதுகாப்பு உண்டு.

வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு வரி கூடியது. 100 ரூபாய்ப் பொம்மைக்கு 20 ரூபாயாக இருந்த சுங்க வரி 2020-ல் 60 ரூபாய் ஆனது. 2023-ல் 70 ரூபாய் ஆனது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனது. இதனால் இறக்குமதி குறைந்தது. 2018-19-ல் 37 கோடி டாலருக்கு வந்த வெளிநாட்டுப் பொம்மைகள் 2021-22-ல் 11 கோடி டாலர் அளவுக்கு இறங்கின.

இன்றைய கவலை

கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை.

மைசூர் சாலையில் போகிறவர்கள் சன்னபட்டணத்தில் வண்டியை நிறுத்துவார்கள். டீ குடிப்பார்கள். குழந்தைக்கு ஒரு ரயிலோ குதிரையோ வாங்குவார்கள். சாலையோரக் கடைகள் அந்த வியாபாரத்தை நம்பி இருந்தன. 2023 மார்ச் மாதம் பெங்களூரு - மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அது ஊருக்குள் வராமல் ஊரைச் சுற்றிப் போகிறது. பயண நேரம் குறைந்தது. எல்லோருக்கும் அது வசதிதான். ஆனால் கடைகளின் முன்னால் வண்டி நிற்பதும் குறைந்தது.

உடல்நலமும் ஒரு கவலை. மரத்தூள் மூக்கிலும் நெஞ்சிலும் போகும். வாய், மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சுற்றும் லேத்தின் அருகே தளர்ந்த சேலைத் தலைப்பும் துண்டும் ஆபத்து.

மரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, நடவும் வேண்டும். வெட்பாலை குறைந்தால் தொழில் எங்கே நிற்கும்?

இவ்வளவு காலம் இந்தத் தொழில் எப்படி நின்றது? பாரசீகத்தாரிடம் கற்றார்கள். ஜப்பான் முறையைக் கற்றார்கள். கை வில்லை விட்டு மின்சார லேத்தைக் கற்றார்கள். செடிச் சாயத்தை மறுபடி கற்றார்கள். ஒவ்வொரு கஷ்டம் வந்தபோதும் புதிதாக ஒன்றைக் கற்றார்கள். அதனால் நின்றது. இனி கணக்கும் கடிதமும் கற்க வேண்டும். வங்கிக் கடன் கேட்க, நேரடியாக விற்க, விலையைத் தாங்களே சொல்ல அது உதவும்.

வாங்கும்போது கவனியுங்கள்

1. பொம்மையின் மேல் உள்ள சீட்டைப் படியுங்கள். எங்கே செய்தது, எந்த வயதுக் குழந்தைக்கு என்று பாருங்கள்.

2. கம்பெனிப் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அரசிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீட்டு உரிமை பெற்றவர் செய்து விற்கும் பொம்மைக்கும் இந்த முத்திரை கட்டாயம் இல்லை.

3. ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்க வேண்டாம்.

4. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கழன்று விழும் சிறு துண்டுகள் உள்ள பொம்மை வேண்டாம். தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

5. இழுக்கும் கயிறு நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றும். வெட்டிச் சிறிதாக்குங்கள்.

6. மர ரயிலைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். அரக்கு சூட்டில் உருகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மர ரயில் பிளாஸ்டிக் ரயிலை விட விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால் நன்றாகச் செய்தது பல வருடம் உழைக்கும். அண்ணன் விளையாடிய ரயிலைத் தம்பியும் இழுக்கலாம். பிறகு தம்பியின் பிள்ளையும் இழுக்கலாம்.

பயிற்சி

அருஞ்சொற்கள்

அரக்கு - பூச்சி சுரக்கும் பிசின்
கடைதல் - கட்டையைச் சுற்ற விட்டு உளியால் சீவி உருவாக்குதல்
இறக்குமதி - வெளிநாட்டுப் பொருளை நம் நாட்டுக்குள் கொண்டு வருதல்
சுங்க வரி - வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு அரசு வாங்கும் வரி
புவிசார் குறியீடு - ஓர் ஊரின் பொருளுக்குச் சட்டம் தரும் பெயர்ப் பாதுகாப்பு

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஹாலே மரத்தின் தமிழ்ப் பெயர் ______.
2. சன்னபட்டணத்துப் பொம்மைத் தொழிலின் தந்தை ______.
3. அரக்கு நிறத்தைச் சீராக்க ______ மடலை அழுத்துவார்கள்.
4. மெர்க்லின் கம்பெனி தொடங்கிய ஆண்டு ______.

விடை சொல்லுங்கள்

1. ஈரக் கட்டையில் ஏன் பொம்மை செய்யக் கூடாது?
2. சன்னபட்டணத்துப் பொம்மைகள் பெரும்பாலும் உருண்டையாக இருப்பது ஏன்?
3. கரோலின் தொழிலை எப்படிக் காப்பாற்றினார்?
4. முன்பணம் வாங்குவதால் பொம்மை செய்பவருக்கு என்ன நஷ்டம்?

கணக்குப் போடுங்கள்

ஒரு மர ரயில் செய்ய மரம், அரக்கு, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 120 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். தரகர் அதை 200 ரூபாய்க்கு வாங்குகிறார். கடையில் 350 ரூபாய்க்கு விற்கிறது.

1. ஒரு ரயிலுக்குச் செய்தவரின் கையில் நிற்பது எவ்வளவு?
2. ஐந்து பேர் சேர்ந்து குழு அமைத்து, நேரடியாக 300 ரூபாய்க்கு விற்றால் ஒரு ரயிலுக்கு எவ்வளவு நிற்கும்?
3. அப்போது வாங்குபவருக்கு எவ்வளவு மிச்சம்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் சொந்த ஊரில் என்ன கைத்தொழில் இருந்தது? கூடை, பாய், பானை, நெசவு, எதுவாகவும் இருக்கலாம். இப்போது அது நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் ஏன்? அதை மறுபடி நடத்த அங்குள்ளவர்கள் புதிதாக எதைக் கற்க வேண்டும்? உங்கள் மையத்தில் பேசுங்கள். பேசியதைப் பத்து வரிகளில் எழுதுங்கள்.